இலக்குப் பலகையில் இருப்பது யார்?
பள்ளிகளில் துப்பாக்கிப் பயிற்சி: விளையாட்டும் அரசியலும்

(பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில், தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



1978ஆம் ஆண்டில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கர் நிலத்தில் தொடங்கிய தொழில்நகர்தான் இந்த எலெக்ட்ரானிக் சிட்டி. இன்று இதன் கண்ணாடி மாளிகைகளுக்குள் மென்பொருள் எழுதுவோரும், அவற்றின் வாயிலில் காவல் நிற்போரும், தரை துடைப்போரும், உணவகங்களில் சமைப்போரும், பொம்மசந்திரா ஆலைகளில் மூன்று ஷிப்டுகளாக உழைப்போரும் பல்லாயிரக்கணக்கில் இருக்கின்றனர். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வந்து ஹெப்பகோடியிலும் சந்தாபுராவிலும் அத்திபெலேயிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அவர்களில் கணிசமானவை. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளைப் பற்றியதுதான் இன்றைய வகுப்பு.

கேள்வி எளிமையானது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறாள். பள்ளியில் துப்பாக்கி சுடும் அணி தொடங்குகிறார்கள். பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்கிறாள். தந்தை கட்சி உறுப்பினர். கையெழுத்திடலாமா, கூடாதா?

கிளைக் கூட்டங்களில் இதற்கு இரு பதில்கள் கிடைக்கின்றன. 'பள்ளிக்கும் துப்பாக்கிக்கும் என்ன உறவு? இது இராணுவமயம், அடியோடு எதிர்க்க வேண்டும்' என்பது ஒன்று. 'இது வெறும் விளையாட்டு. ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கித் தருகிறது. இதிலும் அரசியலைத் தேடுவதா?' என்பது மற்றொன்று. இரண்டுமே அவசர பதில்கள். முதலாவது, உழைப்பாளி வீட்டுப் பிள்ளையின் ஆசையைப் பாவமாக்குகிறது. இரண்டாவது, கர்நாடக மண்ணில் கண்முன்னே நடந்துகொண்டிருப்பதைக் காண மறுக்கிறது. எந்த ஒரு பொருளையும் அதன் ஸ்தூலமான சூழலில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே மார்க்சியம் கற்றுத்தரும் முதல் பாடம். துப்பாக்கிக்கும் அது பொருந்தும்.

அமெரிக்கப் படிப்பினை

இந்த விவாதம் மிகக் கூர்மையாக நடந்துள்ள நாடு அமெரிக்கா. அங்கு உயர்நிலைப் பள்ளிகளில் 'இளையோர் சேமப்படை அதிகாரிகள் பயிற்சிப் பிரிவு' என்ற இராணுவத் திட்டம் நூறாண்டுக்கும் மேலாகச் செயல்படுகிறது. அதன் கீழ்ப் பல பள்ளிகளில் துப்பாக்கி சுடும் அணிகள் உள்ளன. குடிமக்களுக்குக் குறிபார்த்துச் சுடப் பயிற்சியளிக்கும் திட்டத்தை அந்நாட்டு நாடாளுமன்றம் 1903ஆம் ஆண்டிலேயே உருவாக்கியது. 1996இல் அது தனியார் அமைப்பாக மாற்றப்பட்டது. துப்பாக்கி வணிகத்தின் அரசியல் குரலாக விளங்கும் அமெரிக்க தேசிய ரைபிள் சங்கத்தின் அறக்கட்டளையும் பள்ளி அணிகளுக்குப் பணமும் கருவிகளும் வழங்கிவந்தது.

2018 பிப்ரவரி 14 அன்று புளோரிடா மாநிலம் பார்க்லேண்ட் நகரின் உயர்நிலைப் பள்ளியில் முன்னாள் மாணவன் ஒருவன் 17 பேரைச் சுட்டுக் கொன்றான். அவன் அதே பள்ளியில் இளையோர் பயிற்சிப் பிரிவிலும் அதன் துப்பாக்கி சுடும் அணியிலும் இருந்தவன். அந்த அணி ரைபிள் சங்க அறக்கட்டளையின் நிதியுதவி பெற்றிருந்தது. நாடெங்கும் எழுந்த விவாதம் இயல்பானதே. ஆயினும் ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. அன்று கொல்லப்பட்டவர்களில் மூவரும் அதே பயிற்சிப் பிரிவின் மாணவர்கள்தாம். சக மாணவர்களைக் காப்பாற்ற முயன்று உயிர்விட்டவர்களும் அவர்களில் உண்டு. ஆகவே பயிற்சி கொலைகாரனை உருவாக்கியது என்று ஒரே கோடு கிழித்துவிட முடியாது. பள்ளி அணியில் அவன் பிடித்தது காற்றுத் துப்பாக்கி. கொலைக்குப் பயன்படுத்தியதோ, 19 வயதுக்குள் சட்டப்படியே கடையில் வாங்க முடிந்த, போர்க்களத் துப்பாக்கியின் பாணியிலான அரைத் தானியங்கித் துப்பாக்கி. குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது, அதை அவன் கையில் விற்ற சந்தையும் அந்தச் சந்தைக்குக் காவல் நிற்கும் அரசியலும்தான்.

இடதுசாரிகள் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய அமெரிக்க நிகழ்வு வேறொன்று. கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில், பெரும்பாலும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியைச் சேர்ந்த உழைப்பாளிக் குடும்பங்களின் மாணவர்கள் ஒரு கேள்வி எழுப்பினார்கள். ஏழைகள் வாழும் பகுதிகளின் பள்ளிகளில் கல்லூரி நுழைவுக்குத் தேவையான பாடங்கள் போதவில்லை. இராணுவப் பயிற்சி வகுப்புக்கும் துப்பாக்கித் தளத்துக்கும் மட்டும் எங்கிருந்து இடம் வந்தது? மாணவர்களே அமைப்பாகத் திரண்டு பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் சென்றார்கள். 2009 பிப்ரவரியில் அந்நகரக் கல்விக்குழு பள்ளிகளில் துப்பாக்கிப் பயிற்சியை நிறுத்த முடிவு செய்தது. துப்பாக்கி நல்லதா கெட்டதா என்ற அறநெறி விவாதத்தில் அவர்கள் சிக்கிக்கொள்ளவில்லை. எந்த வர்க்கத்தின் பிள்ளைக்கு எது கொடுக்கப்படுகிறது, எது மறுக்கப்படுகிறது என்று கேட்டார்கள். வென்றார்கள்.

மன்னர்கள் விளையாட்டிலிருந்து மக்கள் விளையாட்டுக்கு

இனி இந்தியாவுக்கு வருவோம். இந்தியாவில் பள்ளி அளவிலான துப்பாக்கி சுடுதல் புதிதன்று. தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் அது இடம்பெற்றுள்ளது. இந்திய தேசிய ரைபிள் சங்கம் 1951இல் நிறுவப்பட்டது. முதல் மக்களவைத் தலைவர் மாவலங்கரே அதன் முதல் தலைவர். பெயர் ஒன்றாக இருந்தாலும் இது அமெரிக்கச் சங்கத்தைப் போன்ற அரசியல் அழுத்தக் குழு அன்று, விளையாட்டுக் கூட்டமைப்பு.

இந்த விளையாட்டின் வர்க்க வரலாறு சுவையானது. 1962 உலகச் சாம்பியன் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றவர் பிகானீர் மகாராஜா கர்ணி சிங். நூற்றாண்டுக்கால வேட்டை மாளிகைகளிலிருந்து வந்த விளையாட்டு அது. 2008இல் பெய்ஜிங்கில் இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்ற அபினவ் பிந்த்ராவின் வீட்டிலேயே பயிற்சித் தளம் இருந்தது. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் தமிழகத்திலிருந்து களம் கண்ட பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்தவர்.

ஆனால் அதே பாரீஸில் காட்சி மாறியதும் உண்மை. இந்தியா துப்பாக்கி சுடுதலில் பெற்ற மூன்று வெண்கலங்களில் ஒன்று ஸ்வப்னில் குசாலேயுடையது. மராட்டிய மாநிலம் கோலாப்பூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்து, ரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகராகப் பணியாற்றியவர் அவர். மற்ற இரு பதக்கங்களிலும் பங்கு பெற்ற மனு பாக்கர், ஹரியானாவின் ஜஜ்ஜர் மாவட்டத்தில் தாம் படித்த பள்ளியின் தளத்திலேயே துப்பாக்கி பிடிக்கக் கற்றவர். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் உலகத் தரவரிசையின் முதலிடம் வரை சென்றவர். விளையாட்டு பள்ளிக்கும் பொதுத்துறைக்கும் வரும்போதுதான் மன்னர் மாளிகையை விட்டு வெளியேறுகிறது என்பதற்கு இவை சான்றுகள். 'விளையாட்டே வேண்டாம்' என்று சொல்வது, அதை மீண்டும் மாளிகைக்கே திருப்பி அனுப்புவதாகும்.

அந்த விளையாட்டின் தன்மையையும் அறிந்துகொள்வது நல்லது. 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டு; 10 மீட்டர் தூரம்; 45.5 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டம். அதன் நடுவே பத்துப் புள்ளிக்குரிய இடம் அரை மில்லிமீட்டர் பொட்டு மட்டுமே. மூச்சை அடக்கி, இதயத் துடிப்புகளுக்கு இடையிலான கணத்தைப் பிடித்து, விரலை அசைக்க வேண்டும். ஆத்திரம் கொண்டவனால் இதில் வெல்ல முடியாது. இங்கே எதிரி என்று எவரும் இல்லை. இருப்பது ஒரு பொட்டு.

ஆயினும் கட்டணத்தை மறந்துவிடலாகாது. போட்டித்தரமான இறக்குமதிக் காற்றுத் துப்பாக்கியின் விலை லட்சங்களில் இருக்கிறது. பயிற்சிக்கான மேலங்கி, காலணி, குண்டுகள், பயிற்சியாளர் கட்டணம் எல்லாம் தனி. வளாக வாயிலில் பன்னிரண்டு மணி நேரம் காவல் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் மகளுக்கு இது எட்டுமா? தனியார் பள்ளிகள் சில, துப்பாக்கித் தளத்தைச் சேர்க்கை விளம்பரத்தின் அலங்காரமாக்கிக் கட்டணத்தை உயர்த்துகின்றன. பக்கத்துத் தெருவின் அரசுப் பள்ளிக்கோ ஓடியாட ஒரு திடல் இல்லை. விளையாட்டு உரிமை என்பது முதலில் திடல் உரிமையே.

அரசின் சீருடை

பள்ளிக்குள் துப்பாக்கி நுழையும் இரண்டாவது வாயில் அரசினுடையது. எச்.என். குன்ஸ்ரு தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1948இல் தேசிய மாணவர் படை தொடங்கப்பட்டது. 1962 எல்லைப் போருக்குப்பின் 1963இல் கல்லூரிகளில் அது கட்டாயமாக்கப்பட்டு, சில ஆண்டுகளில் மீண்டும் விருப்பத்துக்குரியதாயிற்று. தமிழகத்தில் அதற்குத் தனி வரலாறு உண்டு. 1968 ஜனவரியில் அண்ணா முதல்வராக இருந்தபோது, மொழிக் கொள்கை குறித்துச் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தில் தேசிய மாணவர் படையின் இந்தி ஆணைச் சொற்களுக்கான எதிர்ப்பும் இடம்பெற்றது. அணிவகுப்பில் ஒலிக்கும் ஒரு சொல்லிலும் அரசியல் உண்டு என்பதைத் தமிழ் மக்கள் அன்றே உணர்ந்திருந்தனர்.

ஏழை மாணவர்கள் இப்படையில் சேர்வதற்குக் காரணம் போர் வெறியன்று. சீருடை, சிற்றுண்டி, முகாம், சான்றிதழ், அந்தச் சான்றிதழால் காவல்துறையிலோ இராணுவத்திலோ கிடைக்கக்கூடிய வேலை ஆகியவையே. அந்த வேலையும் இன்று என்னவாயிற்று? 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தின்படி நான்காண்டுப் பணி. அதன்பின் நூற்றுக்கு 25 பேர் வரை மட்டுமே நிரந்தரம். மற்றவர்கள் இருபதுகளின் தொடக்கத்திலேயே வீட்டுக்கு அனுப்பப்படுவர். எலெக்ட்ரானிக் சிட்டியின் ஒப்பந்தத் தொழிலாளிக்கு நன்கு பழக்கமான முறையே இது. எல்லைக்குப் போனவனுக்கும் இப்போது ஒப்பந்தம்தான்.

சைனிக் பள்ளிகளின் கதை இன்னும் கவலைக்குரியது. 1961இல் பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன் முன்கையெடுத்துத் தொடங்கியபோது, அதிகாரி வர்க்கத்தில் நிலவிய சமூக, பிரதேச ஏற்றத்தாழ்வைக் குறைப்பதே நோக்கம். சாதாரணக் குடும்பத்துப் பிள்ளையும் அதிகாரியாக வேண்டும் என்பதற்காகவே அமராவதிநகரிலும் விஜயபுராவிலும் பிற இடங்களிலும் அவை எழுந்தன. 2021 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை, தனியார் பள்ளிகள், தன்னார்வ அமைப்புகள், மாநில அரசுகள் ஆகியவற்றுடன் கூட்டாக 100 புதிய சைனிக் பள்ளிகளுக்கு ஒப்புதல் அளித்தது. 2024 ஏப்ரலில் 'ரிப்போர்ட்டர்ஸ் கலெக்டிவ்' என்ற புலனாய்வு இதழாளர் குழு வெளியிட்ட ஆய்வின்படி, அதுவரை கையெழுத்தான 40 ஒப்பந்தங்களில் சுமார் 62 விழுக்காடு, ஆர்.எஸ்.எஸ். சார்ந்த அமைப்புகளுக்கும் பா.ஜ.க. அரசியல்வாதிகளுக்கும் அவர்களது நட்பு வட்டத்துக்கும் சென்றிருந்தன. பொதுச் சொத்தைத் தனியாருக்குக் கொடுப்பது தனியார்மயம். இங்கே இளையோரின் மனமே தனியாருக்கு, அதிலும் ஒரு குறிப்பிட்ட சித்தாந்தத்துக்குக் கொடுக்கப்படுகிறது.

பொன்னம்பேட்டையில் நடந்தது

மூன்றாவது வாயில்தான் மிக அபாயகரமானது. 2022 மே மாதத்தில் கர்நாடகாவின் குடகு மாவட்டம் பொன்னம்பேட்டையில், ஒரு கல்வி நிறுவன வளாகத்துக்குள் பஜ்ரங் தளம் பயிற்சி முகாம் நடத்தியது. இளைஞர்களுக்குத் திரிசூலம் வழங்கப்பட்டது. காற்றுத் துப்பாக்கியால் சுடப் பயிற்சி அளிக்கப்பட்டது. படங்கள் வெளியாகி நாடே கேள்வி எழுப்பியபோது, இது தற்காப்புப் பயிற்சிதான் என்று அன்றைய ஆளுங்கட்சியினர் நியாயப்படுத்தினர்.

அதே ஆண்டு, அதே மாநிலத்தின் பிப்ரவரி மாதத்தை நினைவுகூருங்கள், தோழர்களே. 5ஆம் தேதி சீருடை குறித்த அரசாணை வெளியாயிற்று. தலையில் ஒரு துணி அணிந்த காரணத்தால் முஸ்லிம் மாணவிகள் கல்லூரி வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்டனர். தேர்வெழுத முடியாமல் திரும்பியவர்களும் உண்டு. கல்விக்கூடத்தில் மத அடையாளம் கூடாது என்றது அரசு. மூன்று மாதம் கழித்து, இன்னொரு கல்வி வளாகத்துக்குள் திரிசூலமும் துப்பாக்கியும் சென்றன. வாயிற்கதவு அகலத் திறந்தது. ஒரு துணிக்கு அஞ்சிய அரசு, ஆயுதத்துக்கு அஞ்சவில்லை. மதச்சார்பின்மை என்ற சொல்லை ஆளும் கட்சி எதற்குப் பயன்படுத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

சட்டத்தின் ஓட்டையும் கவனத்துக்குரியது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 21 வயது நிறையாதவர் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கிறது. பெரியவர் ஒருவரின் நேரடி மேற்பார்வையில் பயிற்சி பெற மட்டுமே இளையோருக்கு விதிவிலக்கு. ஆனால் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குறிப்பிட்ட விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமமே தேவையில்லை. விளையாட்டை எளிதாக்கவே இச்சலுகை என்பது சரி. வகுப்புவாத முகாம்கள் அதே சலுகையின் நிழலில் ஒதுங்குகின்றன. சட்டம் குண்டின் வேகத்தை அளக்கிறது. பயிற்சியளிப்பவரின் நோக்கத்தை அளக்க அதனிடம் கருவி இல்லை.

அந்த நோக்கத்தை 2016 மே மாதம் அயோத்தியில் நடந்த பஜ்ரங் தள முகாம் காட்டிக்கொடுத்தது. போலித் தாக்குதல் ஒத்திகையில் 'பயங்கரவாதிகளாக' நடித்தவர்களுக்குக் குல்லாய் அணிவிக்கப்பட்டது. காணொளி வெளிவந்தபின் வழக்குப் பதிவாகி, உள்ளூர் நிர்வாகி கைது செய்யப்பட்டார். விளையாட்டுத் தளத்தின் இலக்கில் இருப்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. அந்த முகாமின் இலக்கில் இருந்ததோ பக்கத்து வீட்டுக்காரரின் முகம். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடே இன்றைய வகுப்பின் மையம்.

இதன் வேர் நீளமானது. இந்து மகாசபைத் தலைவரும் ஹெட்கேவாரின் வழிகாட்டியுமான பி.எஸ். மூஞ்சே 1931 மார்ச்சில் இத்தாலி சென்றார், முசோலினியைச் சந்தித்தார், சிறுவர்களுக்குச் சீருடையும் அணிவகுப்பும் துப்பாக்கிப் பயிற்சியும் அளித்த 'பலில்லா' என்ற பாசிச அமைப்பைப் பார்வையிட்டு வியந்தார். திரும்பி வந்து 1937இல் நாசிக்கில் போன்சாலா இராணுவப் பள்ளியைத் தொடங்கினார். இத்தாலிய ஆய்வாளர் மார்சியா கசோலாரி ஆவணக் காப்பகங்களிலிருந்து இந்த உறவுகளைத் திரட்டி 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். பள்ளிச் சிறுவனின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, எதிரி யார் என்பதையும் சேர்த்தே கற்பிப்பது பாசிசத்தின் தொடக்கப் பள்ளி.

இடதுசாரிகள் துப்பாக்கிக்கு அஞ்சுபவர்களா?

இங்கே ஒரு தவறான புரிதலைக் களைய வேண்டும். கம்யூனிஸ்டுகள் எல்லா ஆயுதத்தையும் எல்லாக் காலத்திலும் வெறுக்கும் சாத்வீகர்கள் அல்லர். 1866இல் ஜெனீவாவில் கூடிய முதல் அகிலத்தின் பேராயத்துக்கு மார்க்ஸ் எழுதிய அறிவுறுத்தல்களில், உழைப்பாளிப் பிள்ளைகளின் கல்வி மூன்று கூறுகளாக வகுக்கப்பட்டுள்ளது: அறிவுக் கல்வி, உடற்கல்வி, தொழில்நுட்பக் கல்வி. உடற்கல்வியில் உடற்பயிற்சியோடு இராணுவப் பயிற்சியையும் அவர் சேர்த்திருந்தார். 1893இல் எங்கெல்ஸ், ஐரோப்பாவின் நிரந்தரப் படைகளைப் படிப்படியாகக் குறைத்து மக்கள் படையாக மாற்றும் திட்டத்தை முன்வைத்தபோது, இளையோருக்குப் பள்ளியிலேயே உடற்பயிற்சியும் அணிவகுப்பும் கற்பிக்க வேண்டும் என்றார். 1916இல் உலகப் போரின் நடுவே, ஆயுதக் களைவு என்ற முழக்கத்தை லெனின் கடுமையாக விமர்சித்தார்.

மறுபுறம், 1907இல் இராணுவவாதத்துக்கு எதிராகக் கார்ல் லீப்னெக்ட் எழுதிய நூலுக்காக ஜெர்மன் அரசு அவரை ஒன்றரை ஆண்டு சிறையிலடைத்தது. முதலாளித்துவ இராணுவம் வெளிப்பகைவனுக்கு எதிரானது மட்டுமன்று, உள்நாட்டுத் தொழிலாளிக்கும் எதிரானது என்பதே அவர் வாதம். அதனாலேயே இளையோரை அதன் பிடியிலிருந்து மீட்க வேண்டும் என்றார். மார்க்ஸும் லீப்னெக்டும் முரண்படுகிறார்களா? இல்லை. படைப்பயிற்சி மக்களின் கட்டுப்பாட்டிலா, மக்களுக்கு எதிரானவர்களின் கட்டுப்பாட்டிலா என்ற கேள்வியே இருவருக்கும் பொது.

இந்திய வரலாறும் இதையே சொல்கிறது. லிட்டன் பிரபுவின் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியரை நிராயுதபாணிகளாக்கியது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. அதற்கு எதிர்வினையாகவே, 1931 கராச்சி காங்கிரஸின் அடிப்படை உரிமைத் தீர்மானம், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்கும் உரிமையையும் பட்டியலிட்டது. 1930 ஏப்ரல் 18 இரவு, சிட்டகாங்கில் பள்ளி ஆசிரியர் சூர்யா சென் தலைமையில் பதின்ம வயது மாணவர்கள் உள்ளிட்ட இளைஞர்கள் ஆயுதக் கிடங்குகளைக் கைப்பற்றினர். துப்பாக்கிகள் கிடைத்தன, அவற்றுக்கான ரவைகள் கிடைக்கவில்லை. ஒப்பற்ற தியாகம் அது. அவர்களில் பிழைத்தவர்கள் அந்தமான் சிறையிலும் பிற சிறைகளிலும் ஆண்டுக்கணக்கில் படித்து, விவாதித்து, ஒரு முடிவுக்கு வந்தனர். குறைவாக இருந்தது ரவை மட்டுமன்று, மக்கள் இயக்கமும்தான் என்பதே அது. கணேஷ் கோஷும் கல்பனா தத்தும் உள்ளிட்ட பலர் கம்யூனிஸ்டுகளானது அவ்வாறே.

தமிழ் உழைப்பாளி மக்களுக்குத் துப்பாக்கியின் மறுமுனையும் நன்கு தெரியும். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலமாகச் சென்ற மக்கள்மீது துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டது. 13 உயிர்கள் பறிபோயின. குறிபார்த்துச் சுடுவது யாருக்காக என்று கேட்கும் உரிமையை இம்மக்கள் இரத்தத்தால் பெற்றிருக்கின்றனர்.

செய்ய வேண்டியவை

ஆகவே, மகளின் படிவத்தைக் கையில் வைத்திருக்கும் தோழர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். நடத்துவது யார்? செலவை ஏற்பது யார்? வாயிலுக்கு வெளியே நிறுத்தப்படுவது யார்? பயிற்சி பெற்ற ஆசிரியரின் கீழ், விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிகளின்படி, எல்லாச் சாதி, எல்லா மதப் பிள்ளைகளும் அருகருகே நின்று சுடும் அணியாக இருந்தால், அவர் மகிழ்ச்சியோடு கையெழுத்திடலாம். பதக்கம் வராவிட்டாலும், மூச்சை அடக்கி மனத்தை ஒருமுகப்படுத்தும் பழக்கம் வரும். தளத்தை ஒரு மத அமைப்போ அதன் முகமூடியோ நடத்துமானால், கையெழுத்திடாமல் இருப்பது மட்டும் போதாது. மற்றப் பெற்றோரிடமும் சென்று பேச வேண்டும்.

கோரிக்கைகளும் தெளிவாக இருக்க வேண்டும். கல்வி வளாகங்களில் கல்வித்துறையும் அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டு அமைப்புகளும் தவிர வேறெவரும் ஆயுதப் பயிற்சி அளிப்பதற்குத் தடை வேண்டும். காற்றுத் துப்பாக்கியும் திரிசூலமும் அதில் அடங்க வேண்டும். 2013 பிப்ரவரியில், பா.ஜ.க. ஆட்சியிலேயே, பள்ளி வளாகங்களையும் திடல்களையும் கல்வி நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று கர்நாடகக் கல்வித்துறை சுற்றறிக்கை விடுத்தது. அதை நடைமுறைப்படுத்துவதற்குப் புதிய கொள்கை எதுவும் தேவையில்லை, துணிவு போதும். அரசுப் பள்ளிகளுக்குத் திடலும், உடற்கல்வி ஆசிரியரும், வட்ட அளவில் பொதுப் பயிற்சித் தளமும் வேண்டும். துப்பாக்கிகள் பள்ளியின் சொத்தாக, பூட்டிய அறையில், பதிவேட்டோடு இருக்க வேண்டும். 2007 டிசம்பரில் குர்கானில் எட்டாம் வகுப்பு மாணவன் சக மாணவனால் சுடப்பட்டு இறந்ததும், 2018 ஜனவரியில் யமுனாநகரில் தலைமையாசிரியர் மாணவனால் சுடப்பட்டு இறந்ததும் வீட்டிலிருந்து எடுத்துவரப்பட்ட தந்தையின் துப்பாக்கியால்தான். வீட்டு அலமாரியில் அந்தஸ்துக்காக வைக்கப்படும் துப்பாக்கியே பள்ளிக்குப் பெரிய ஆபத்து.

இறுதியாக, இயக்கம் தன்னைப் பார்த்தும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். வகுப்புவாத முகாமுக்குச் செல்லும் பதினாறு வயதுப் பையன் வெறுப்பைத் தேடிப் போகிறானா? பெரும்பாலும் இல்லை. மாலை நேரத்தில் தன்னைப் பெயர் சொல்லி அழைக்கும் ஓர் அண்ணனையும், ஓட ஒரு திடலையும், தோளோடு தோள் நிற்கும் கூட்டத்தையும் தேடிப் போகிறான். அங்கே வெறுப்பு அவனுக்காகக் காத்திருக்கிறது. ஹெப்பகோடியிலோ சந்தாபுராவிலோ அவனுக்காக ஒரு கபடித் திடலையோ, மாலை வகுப்பையோ, நூலகத்தையோ எத்தனை கிளைகள் நடத்துகின்றன? வாலிபர் அமைப்பின் ஆண்டறிக்கையில் கண்டன ஆர்ப்பாட்டங்களின் எண்ணிக்கை இருக்கும். விளையாட்டுக் குழுக்களின் எண்ணிக்கை இருக்குமா? காலியாக விடப்படும் திடலை யாராவது ஒருவர் நிரப்பவே செய்வார்.

2016 ஏப்ரலில், வருங்கால வைப்பு நிதியைத் தொழிலாளி எடுப்பதற்குக் கட்டுப்பாடு விதித்த ஒன்றிய அரசின் ஆணையை எதிர்த்து, ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், இதே ஓசூர் சாலையில் அமர்ந்தார்கள். இரு நாட்களில் அரசு ஆணையைத் திரும்பப் பெற்றது. அவர்களில் எவர் கையிலும் துப்பாக்கி இல்லை. ஆனால் எதிரி யார் என்பதில் அவர்களுக்குத் துளியும் ஐயமில்லை. அவர்கள் குறி தப்பவில்லை. கன்னடம் பேசியவரும், தமிழ் பேசியவரும், தெலுங்கு பேசியவரும், பர்தா அணிந்தவரும், பொட்டு வைத்தவரும் ஒரே சாலையில் இருந்தார்கள். அவர்களின் பிள்ளைகள்தாம் இன்று பள்ளிப் படிவங்களோடு வீட்டுக்கு வருகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இலக்கைக் காட்டும் பொறுப்பை வேறெவரிடமும் விட்டுவிட வேண்டாம், தோழர்களே.